மலையில் பிறந்து அலையேறிய மரம்

குற்றாலத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே தூத்துக்குடிக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், மேற்கே ஆரியங்காவுக் கணவாய் தாண்டிக் கொல்லத்துக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் பழைய பொருள் சேகரிப்பவர்கள் நாணயம் வைத்திருப்பார்கள், வெண்கலப் பானை வைத்திருப்பார்கள், காரைக்குடியிலிருந்து கதவும் தூணும் வாங்கி வந்து வீட்டில் பொருத்துவார்கள். நான் அலையேறும் மரங்களைச் சேகரிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகையில் ஒரு பழைய சர்ஃப் பலகையும், அதைச் சுற்றிலும் பல கரைகளிலிருந்து வாங்கி வந்த கட்டுமரத் தடிகளும் கிடக்கின்றன. துடுப்புகளும் கயிற்றுத் துண்டுகளும் ஒரு மூலையில்.

அருவிக்குக் குளிக்க வருகிற நண்பர்கள் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கடற்கரையில இருக்க வேண்டியதாச்சே, மலையடிவாரத்துக்கு ஏன் வந்தது?" என்று கேட்பார்கள். இந்த மரங்கள் இங்கிருந்துதான் கடலுக்குப் போயின என்பதுதான் என் பதில். கட்டுமரத்தின் வரலாற்றைக் கடற்கரையில் தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி மலையில் இருக்கிறது.

முதலில் சர்ஃப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆர்வம் எனக்கு அங்கிருந்துதான் பிடித்தது.

உலகத்தில் பழைய சர்ஃப் பலகைகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு மூல ஊர் ஹவாய். 1778-ல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் அந்தத் தீவுகளைத் தொட்டன. அடுத்த ஆண்டு கீலகேக்குவா விரிகுடாவில் ஊர்மக்கள் பலகையோடு நீந்திப் போய் அலையின் முதுகில் கரைக்கு வருவதைப் பார்த்து, லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங் விரிவாக எழுதி வைத்தார். அங்கே இரண்டு வகைப் பலகைகள் பேர்பெற்றவை. அலாயா என்பது மெல்லியது, கோவா என்ற மரத்தில் செய்வது. ஓலோ நீளமானது, கனத்தது, குலத்தலைவர்களுக்கு உரியது. அதை விலிவிலி என்ற எடை குறைந்த மரத்தில் செய்தார்கள். இந்த விலிவிலியைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது நம் கல்யாண முருங்கையின் இனம். கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடி படர நட்டு வைப்பார்களே, அதே முள் மரத்தின் பங்காளி.

1920களில் டாம் பிளேக் என்ற அமெரிக்க நீச்சல் வீரர் ஹவாய்க்குப் போனார். ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் குலத்தலைவர் பாக்கியின் பழைய பலகைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பிளேக் கேட்டு அனுமதி வாங்கி, அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து செப்பனிட்டார். அதோடு நிற்கவில்லை. அதே அளவில் தானும் ஒன்று செய்து பார்த்தார். எடை தாங்கவில்லை என்று மரத்தில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு, மேலே மெல்லிய பலகை ஒட்டி மூடினார். உள்ளே காற்று நிறைந்த கூட்டுப் பலகை அப்படித்தான் பிறந்தது. 1935-ல் பலகைக்கு அடியில் முதன்முதலாக ஃபின் என்ற சிறகைப் பொருத்தியவரும் அவர்தான். சேகரிப்பு பழசைத் தூசு தட்டி வைக்கிற வேலை என்று நினைப்பவர்களிடம் நான் பிளேக்கின் கதையைச் சொல்வேன். பழைய பலகையைக் கையால் தடவிப் பார்த்தவரிடமிருந்துதான் புதிய பலகை வந்தது.

இன்னொரு கதையும் எனக்கு மிகவும் பிடிக்கும். 1885-ல் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த ஹவாய் இளவரசர்கள் மூவர், சாந்தா குரூஸ் நகரத்து ஆற்று முகத்தில் உள்ளூர் ரெட்வுட் எனும் செம்மரப் பலகையை அறுத்து இழைத்து அலையேறினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் சர்ஃபிங் பற்றி எழுதி வைக்கப்பட்ட முதல் செய்தி அதுதான். நூறு வருடத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் பிஷப் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் இருந்த இரண்டு செம்மரப் பலகைகளைக் கண்டெடுத்தார்கள். அது ஹவாயின் மண்ணுக்குரிய மரம் அல்ல. கலிபோர்னிய மரம் ஹவாய் அருங்காட்சியகத்துக்கு எப்படி வந்தது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து போய், அவை அந்த இளவரசர்களின் பலகைகள் என்று முடிவுகட்டினார்கள். 2015-ல் அந்தப் பலகைகள் சாந்தா குரூஸுக்கே கண்காட்சிக்கு வந்தன. பொருளின் சாட்சி அதன் மரத்திலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

என்னிடம் இருக்கும் சர்ஃப் பலகை அவ்வளவு பெருமையுள்ளது இல்லை. சென்னைக்குத் தெற்கே கடற்கரை விடுதி ஒன்றில் வெயிலில் கிடந்து மஞ்சளித்துப் போனது. பாலியூரித்தேன் நுரையில் வார்த்து மேலே கண்ணாடி இழை போர்த்திய பலகைகள் வெயில் பட்டால் இப்படித்தான் பழுக்கும். அடியில் மூன்று ஃபின். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1981-ல் மூன்று ஃபின் பலகையோடு பெல்ஸ் பீச் போட்டியில் ஜெயித்த பிறகுதான் உலகமே அந்த அமைப்புக்கு மாறியது. ஆகவே என் பலகை அதற்குப் பிந்தியது. ஒற்றை ஃபின் இருந்திருந்தால் எழுபதுகளுக்குப் போயிருக்கலாம். தெரிந்த கண்ணுக்கு ஒரு பலகை இப்படித் தன் வயதைச் சொல்லிவிடும்.

இந்தப் பாடத்தை நம் கரைக்குக் கொண்டு வந்தால் என்ன என்ற எண்ணம்தான் என்னைக் கட்டுமரத்திடம் கொண்டு சேர்த்தது.

முதல் அலையை ஏறியவர் தமிழரே என்று கொடி பிடிக்க எனக்கு விருப்பமில்லை. பெரு நாட்டில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் தீவுகளில் என்று அலை அடிக்கிற இடத்திலெல்லாம் மனிதர்கள் தாமாகவே அதில் ஏறியிருக்கிறார்கள். நம் மீனவர்கள் விளையாட்டுக்கு ஏறவில்லை, பிழைப்புக்கு ஏறினார்கள். ஆனால் அலையின் கணக்கு இருவருக்கும் ஒன்று. கரைக்கு வெளியே காத்திருப்பது, பெரிய அலைகள் வரிசையாகப் போன பிறகு விழும் இடைவெளியைப் பிடிப்பது, அலை தூக்கும் நொடியில் மூக்கு குத்தாமல் எடையைப் பின்னுக்குத் தள்ளுவது, குறுக்கே திரும்பிவிடாமல் துடுப்பால் நேராக்குவது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இன்று சர்ஃபிங் பயிற்சி கொடுப்பவர்கள் சொல்லித்தருகிற அத்தனையும் கட்டுமரக்காரர் பத்து வயதில் கற்றுக்கொண்டவை.

சோழமண்டலக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. செங்குத்தாக இறங்கும் மணல், கரையை ஒட்டியே உடையும் அலை. ஆணி அடித்த பலகைப் படகு அந்த அலையில் நாலு தரம் மோதினால் பிளந்துவிடும். அதனால்தான் இந்தக் கரையில் இரண்டு விதமான கலங்கள் நிலைத்தன. ஒன்று மசூலா, ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு, அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும். மற்றது கட்டுமரம். அதில் தண்ணீர் ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிவிடும், கவிழ்ந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், மூழ்கவே மூழ்காது. சென்னையில் துறைமுகம் எழும் வரை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி கரையில் கால் வைக்க வேண்டுமென்றால் மசூலாவில் ஏறித்தான் வரவேண்டும். பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவது அவர்கள் பொறுப்பு. எந்தப் படகும் இறங்க முடியாத கடலிலும் அவர்கள் இறங்குவார்கள். கப்பலுக்குப் போகும் கடிதங்களை நனையாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துத் தலையில் அணிந்துகொண்டு அலையைத் தாண்டினார்கள். ஒரு மாநகரத்தின் தபாலே அவர்கள் தலையில்தான் இருந்தது!

எழுதியும் வரைந்தும் வைத்தவர்கள் உண்டு. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரம் வருகிறது. பிரெஞ்சுக் கடற்படையின் எட்மண்ட் பாரிஸ் 1840களில் வெளியிட்ட பெரிய நூலில் நம் கரைக் கலங்களை அளந்து வரைந்தார். எனக்கு எல்லோரையும்விட நெருக்கமானவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர், தூத்துக்குடியின் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் கரைத்துக் குடித்தவர். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1920-ல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது. நம் கரைப் படகுகளில் சிலவற்றுக்கும் பாலினீசியக் கடலோடிகளுக்கும் உறவு இருக்கிறது என்று அவர் கருதினார். அந்த முடிவைப் பலர் இன்று ஏற்பதில்லை, எனக்கும் அது ஒட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கரையாகப் போய் எந்த ஊரில் எத்தனை மரம் கட்டுகிறார்கள், நுனியை எப்படிச் செதுக்குகிறார்கள் என்று அவர் பதிந்ததற்கு ஈடு இல்லை. நாகப்பட்டினம் பக்கத்துக் கோலா மரத்தை அவர் வழியாகத்தான் நான் அறிந்தேன். ஏழு மரம் சேர்த்துக் கட்டி, கோடைக் காலத்தில் கரை தெரியாத தூரம் வரை பாய் விரித்துப் போவார்கள். தழைக் கட்டுகளைக் கடலில் மிதக்க விட்டால் கோலா மீன்கள் முட்டையிட அதைத் தேடி வந்து மொய்க்கும். அப்படியே அள்ளுவார்கள்.

இப்போது மலைக்கு வருகிறேன்.

கட்டுமரத்துக்கு வேண்டியது தேக்கு மாதிரி வைரம் பாய்ந்த மரம் அல்ல. எடை குறைந்து, நேராக, பருமனாக, தண்ணீரை மெதுவாகக் குடிக்கிற மரம் வேண்டும். வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படத்தோடு வெளியிட்டபோது, ஒரு மரத்தைச் சொல்லி, போதுமான பருமனில் கிடைத்தால் கட்டுமரத்துக்கு எல்லாவற்றையும்விட இதைத்தான் விரும்புகிறார்கள் என்று குறித்தார். அது தணக்கு. வறண்ட குன்றுகளில் வளரும், கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அதன் காய்க்கு இரண்டு நீண்ட சிறகுகள் உண்டு. மரத்திலிருந்து கழன்றதும் சுழன்று சுழன்று இறங்கும். பிள்ளைகள் அதை எறிந்து விளையாடுவார்கள்.

தணக்கு நம் இலக்கியத்திலும் இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் தணக்கமும் ஒன்று. கடலோரத்தைப் பாடுகிற நெய்தல் பாட்டுகளில் மீனவரின் திமில் வரும், அம்பி வரும். அந்தக் கலங்களுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று பாட்டு சொல்லாது. ஆனால் பிற்காலத்தில் கட்டுமரத்துக்கு மிகவும் உகந்ததாகச் சொல்லப்பட்ட மரத்தின் பூ, மலைப் பெண்கள் பாறையில் குவித்த பூக்களுக்கு நடுவில் இருக்கிறது. குறிஞ்சியும் நெய்தலும் ஒரே மரத்தில் சந்திக்கும் இந்த இடம் என் மனசை விட்டுப் போகவே இல்லை.

தணக்கு பெரிய தடியாகக் கிடைப்பது அரிதாக அரிதாக வேறு மரங்கள் வந்தன. மலைவேம்பு ஒன்று. பிற்பாடு கேரளத்துத் தோட்டங்களில் வேகமாக வளர்த்த அல்பீசியா. அது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த மரம். பலகையை இழைத்தால் வெளிர் நிறமாக, தூக்கினால் கையில் கனமே தெரியாமல் இருக்கும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் கடைசித் தலைமுறைக் கட்டுமரங்கள் பெரும்பாலும் அதில் செய்தவைதான். எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையில் புளியரை இறக்கத்தில் கேரளத்து மரம் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் இறங்கி வரும். செங்கோட்டை மரக்கடைகளில் நின்று பார்த்தால், எந்த மரம் எந்த வேலைக்குப் போகிறது என்று அடையாளம் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தடிகளை நான் முதலில் கொண்டுபோய்க் காட்டுவது அவர்களிடம்தான். ஒரு ஓரத்தில் மெல்லச் செதுக்கி, முகர்ந்து, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு மரத்தின் பேரைச் சொல்வார்கள்.

மரம் அறியும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் போட்டது. இந்தியாவில் கிராம்பு முதலில் வேர்விட்டது இங்கேதான். 1830களில் ராபர்ட் வைட் இங்கே தங்கித் தாவரங்களைத் திரட்டினார். அவருடைய நூல்களில் பல செடிகளுக்கு நேரே குற்றாலம் என்ற ஊர்ப்பெயர் இருக்கும். அவருக்காகச் செடிகளைப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்களின் பேரை இங்கே ஒரு பலகையிலாவது எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கொட்டகைக்குத் திரும்புகிறேன். சாரல் காலத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகக் குற்றாலத்துக்கு வருவார்கள். அப்படி ஒரு சாரலில் பக்கத்து வாடகை வீட்டில் தங்கிய குடும்பத்தில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர். காலையில் பேரப்பிள்ளைகளை ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நடந்து வந்தவர், கொட்டகை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரச் சொன்னேன். அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு தடியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து நுனிவரை ஓட்டினார்.

"தம்பி, இது நடுமரம்லா. ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கு பாத்தியளா? ஓரத்து மரம்னா ஒரு பக்கந்தான் தேயும்."

"இந்தப் பள்ளம் என்ன அண்ணாச்சி?"

"அது கயித்துத் தடம். அகலமா இருக்கது தென்னங்கயிறு. அதுக்குள்ள ஒடுக்கமா இன்னொண்ணு ஓடுது பாருங்க, அது நைலான். நைலான் வந்த பொறவு மரத்த அறுத்துட்டு. அப்பன் கட்டின மரத்த மவன் வாங்கி ஓட்டிருக்கான்."

இரண்டு தலைமுறை ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தது. அந்தத் தடியை வாங்கிய நாளிலிருந்து அதை அளந்திருக்கிறேன், படம் எடுத்திருக்கிறேன், மரத்தின் பேரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்தின் கதையை அதில் படித்துச் சொல்ல அவர் ஒருவரால்தான் முடிந்தது.

"யாரு கட்டினது இது?" என்று கேட்டார்.

இடிந்தகரைப் பக்கம் வாங்கியது என்றேன்.

"ஊர் மட்டும் இருந்தா பத்தாது தம்பி. கட்டினவன் பேரு வேணும். ஆளுக்கு ஒரு கட்டு. அவுத்துக் கட்டாத நாளே கிடையாதுல்ல."

உண்மைதான். கட்டுமரம் என்ற பொருள் கடலில் இருக்கும்போது மட்டும்தான் முழுசாக இருக்கும். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நனைந்த மரம் காயாவிட்டால் நாளுக்கு நாள் கனத்துப்போகும். மறுநாள் விடியுமுன் திரும்பக் கட்டுவார்கள். ஹவாய்ப் பலகையை ஆணியில் மாட்டினால் அது பலகையாகவே இருக்கும். கட்டுமரத்தைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டால் வெறும் தடிகள்தான் மிஞ்சும். மிச்சம் அத்தனையும் கட்டுகிறவரின் கையில் இருந்தது.

அன்று மத்தியானம் கடைவீதிக்குப் போய்க் கயிறு வாங்கி வந்து கொடுத்தேன். பெரியவர் மூன்று தடிகளைச் சேர்த்து முன்னால் ஒரு கட்டும் பின்னால் ஒரு கட்டும் போட்டுக் காட்டினார். முழங்காலை மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து இறுக்கினார். அந்த வயதில் அந்த இறுக்கம் எங்கிருந்து வந்ததென்று வியந்து நின்றேன். முழுவதையும் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். என் சேகரிப்பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தப் படத்தைத்தான் எடுப்பேன்.

கட்டி முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் மலையைப் பார்த்தபடி இன்னொன்று சொன்னார். கடலில் மீன் கிடக்கும் பார் என்ற கடலடிப் பாறையைக் கண்டுபிடிப்பது மலையை வைத்துத்தான். மலையின் ஒரு முடியும் ஊர்க் கோயில் கோபுரமும் ஒரே நேராக வர வேண்டும். இன்னொரு திசையில் வேறொரு மலையும் ஒரு பனங்கூட்டமும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் மீன். இதே மலைத்தொடரைச் சேர்ந்த மகேந்திரகிரியின் ஒவ்வொரு மடிப்புக்கும் அவர்கள் ஊரில் பேர் இருக்கிறதாம். அந்தப் பேர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மலையின் அந்தப் பக்கத்து முகத்தைச் சொல்லிக்கொடுத்தவர் கடலிலிருந்து வந்தார்.

இந்த மரங்கள் ஏன் போயின என்பதையும் சொல்ல வேண்டும். பழியை ஒரே ஆளின் தலையில் போட முடியாது. தடி கிடைப்பது குறைந்தது, விலை ஏறியது. 1980களின் தொடக்கத்தில் முட்டம் பகுதியில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜீலே மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கினார். அந்த முயற்சியின் பாடுகளை அவரே 1985-ல் புத்தகமாக எழுதினார். வெளிப்பொருத்து இயந்திரம் வந்தது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி கரையில் கிடந்த மரங்களில் பலவற்றை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வந்த நிவாரணப் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர். அதே 2004-ல்தான் உவரிக்காரரான ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு நாவலும் வெளிவந்தது. கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்களின் வாழ்க்கை முழுசாக எழுத்தில் ஏறிய ஆண்டிலேயே கட்டுமரங்கள் பல கரையிலிருந்து போயின.

மீனவர்கள் மரத்தை விட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுமரத்தில் போகிறவன் இடுப்புவரை நனைந்தே இருப்பான். முழங்காலிலும் பின்புறத்திலும் புண் ஆறவே ஆறாது. காய்ந்த இடம் என்று ஒரு சாண்கூட அதில் கிடையாது. ஃபைபர் அதைக் கொஞ்சமாவது மாற்றியது.

இப்போது ஃபைபரிலேயே கட்டுமர வடிவத்தில் வார்க்கிறார்கள். உடைந்துபோன ஒன்றைக் கடற்கரையில் பார்த்தபோது குனிந்து உள்ளே பார்த்தேன். வெளியே கண்ணாடி இழையும் பிசினும், உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மோகோல். வீட்டுக்கு வந்து மஞ்சளித்த என் சர்ஃப் பலகையின் உடைந்த மூக்கைப் பார்த்தேன். வெளியே கண்ணாடி இழையும் பிசினும், உள்ளே நுரை. ஹவாயில் விலிவிலி, பிறகு செம்மரம், பிறகு பால்சா, கடைசியில் நுரை. இங்கே தணக்கு, பிறகு மலைவேம்பு, பிறகு அல்பீசியா, கடைசியில் நுரை. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கரைகள் எடை குறைந்த பொருளைத் தேடித் தேடி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்த இரண்டு கரைகளும் நேரில் சந்தித்த ஊர் அதே கோவளம். சர்ஃபிங் சுவாமி என்று அழைக்கப்பட்ட அமெரிக்கர் ஜாக் ஹெப்னர் மேற்குக் கரையில், கர்நாடகத்தின் முல்கியில் 2004-ல் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். இந்தக் கரையில் கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறையையே அலைமேல் நிற்க வைத்தார். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் போட்டி நடந்தது, இந்தியாவில் அதுவே முதல் முறை. 2025-ல் அங்கேயே நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். கோவளத்துப் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் அதே அலையைக் கட்டுமரத்தில் தாண்டியவர்கள். போட்டி நடக்கும் கடற்கரையில், வென்றவர் பலகைக்குப் பக்கத்தில், கட்டி முடித்த ஒரு பழைய கட்டுமரத்தையும் வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைவிட அந்தப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்தில் கடல் மரத்தை வைத்துக் காப்பது எளிதல்ல. உப்பு ஏறிய மரம் காற்றின் ஈரத்தை இழுக்கும், எங்கள் சாரலோ மூன்று மாதம் விடாது. தடிகளைத் தரையில் படாமல் கருங்கல்லின் மேல் தூக்கி, நாலு பக்கமும் காற்றுப் போக வைத்திருக்கிறேன். கரையான் பார்ப்பது தினசரி வேலை. வார்னிஷ் அடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு, அடிக்க மாட்டேன். கயிற்றுத் தடமும், கடல் புழு குடைந்த துளையும், கால் வைத்து வழவழப்பான இடமும் வார்னிஷுக்கு அடியில் போய்விட்டால் பிறகு படிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெருவின் ஹுவான்சாக்கோ ஊரில் மீனவர்கள் நாணற்கட்டால் செய்த சிறு படகில் இன்றும் அலையேறிக் கரைக்கு வருகிறார்கள். அந்த நாணற்படகு சில வாரங்களில் ஊறிப்போகும், திரும்பப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கான நாணலை ஊருக்குப் பக்கத்துக் குட்டைகளில் அவர்களே வளர்க்கிறார்கள். அங்கே பழைய படகென்று ஒன்று கிடையாது, கட்டத் தெரிந்த கைகள் மட்டும் தொடர்ந்து வருகின்றன. நாணல் குட்டையும் வேண்டும், கட்டும் கையும் வேண்டும் என்று அந்த ஊர் புரிந்துவைத்திருக்கிறது. நம் கரையில் மரத்தை நட்டு வளர்த்து, கட்டுகிறவரிடம் பிள்ளைகளை உட்கார வைத்தால் இங்கேயும் முடியும். என் தோட்டத்தில் தணக்கு விதை போட்டிருக்கிறேன், சில முளைத்திருக்கின்றன.

பெரியவர் வந்துபோன பிறகு என் குறிப்பேட்டின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு நீளம், சுற்றளவு, மரத்தின் பேர், வாங்கிய ஊர் என்று மட்டும் இருந்தது. இப்போது ஒவ்வொரு தடிக்கும் நடுமரமா ஓரமரமா, எந்தக் கயிறு, கட்டியவர் யார், எந்த மீனுக்குப் போனது, எந்த மலையை அடையாளம் வைத்தார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். விற்கிற வீட்டில் பாட்டிமார்களிடம் கேட்டால் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும். எந்த வருடம் எந்த மரம் வாங்க எந்த நகையை அடகு வைத்தோம் என்பது அவர்களுக்கு மறப்பதில்லை.

சாரல் ஓய்ந்ததும் நாகப்பட்டினம் கரைக்குப் போகிறேன். கோலா மரம் கட்டிய கைகளில் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டும். ஏழு மரத்தையும் எந்த வரிசையில் சேர்ப்பார்கள், முதல் முடிச்சு எங்கே விழும், நடுக்கடலில் கயிறு தளர்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். ஏழு தடியையும் அங்கே கொண்டுபோக முடியாது. அளவு குறைத்துக் கல்யாண முருங்கையில் செதுக்கிய ஏழு கட்டைகளும் ஒரு சுருள் தென்னங்கயிறும் பையில் தயாராக இருக்கின்றன. கட்டிக் காட்டுகிறவர் கிடைத்தால் அது போதும்.